வகுப்பேற்றமும் வருமானமும்: 1862ஆம் ஆண்டுத் திருத்தக் கோவை பற்றிய ஒரு நோக்கு

தொடக்கப் பாடசாலையிற் பயிலும் பிள்ளையை மேல்வகுப்புக்கு ஏற்றுவதா, இருந்த வகுப்பிலேயே நிறுத்திவைப்பதா என்னும் வினா இன்று பெரும்பாலும் உளவியல் சார்ந்ததொன்றாகவே ஆராயப்படுகின்றது. பிள்ளையின் தன்னம்பிக்கை, கற்கும் வேகம், ஒத்த வயதினரோடு கொள்ளும் உறவு என்பனவே வாதப் பொருள்களாகின்றன. ஆனால், ஆண்டுக்கொரு பரீட்சை, பரீட்சைக்கேற்ற தரம் என்னும் ஒழுங்கு பிரித்தானியப் பேரரசிற் பரவிய வரலாற்றைப் பின்னோக்கிச் செல்வோர் முதலிற் காண்பது அரசாங்கத்தின் கணக்கேட்டையே.

இங்கிலாந்தில் தொடக்கக் கல்விக்கென 1833இல் 20,000 பவுணாகத் தொடங்கிய அரசாங்க நன்கொடை, 1860ஐ அண்டிய ஆண்டுகளில் எட்டு இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. கிரிமியா யுத்தச் செலவினால் திறைசேரி நெருக்கடியுற்றிருந்த காலமும் அதுவே. 1858இல் நியமிக்கப்பட்ட நியூகாசில் ஆணைக்குழு, 1861இல் வெளியிட்ட தன் அறிக்கையில், பாடசாலைகள் மேல்வகுப்புப் பிள்ளைகளிலேயே கருத்தூன்றுகின்றன என்றும், பெருந்தொகையான சிறுபிள்ளைகள் எழுத வாசிக்கவும் அறியாது வெளியேறுகின்றனர் என்றும் குறை கூறிற்று. அப்போது கல்விக் குழுவின் உபதலைவராயிருந்த றொபேட் லோ இக்குறைக்கும் செலவுக்கும் ஒரே மருந்தாகத் திருத்தக் கோவையை முன்வைத்தார். தமது முறை மலிவாயிராவிடிற் பயனுடையதாயிருக்கும், பயனற்றதாயின் மலிவாயிருக்கும் என்னும் கருத்துப்பட அவர் பாராளுமன்றத்திற் பேசினார். இரண்டாவது வாக்குறுதியாவது நிறைவேறிற்று: 1865இல் நன்கொடை ஏறத்தாழ 636,000 பவுணாகக் குறைந்தது.

முறை இதுவே. பிள்ளைகளின் சராசரி வரவுக்குத் தலைக்கு 4 சிலிங் வழங்கப்படும். ஆறு வயதைக் கடந்து, ஆண்டில் 200 தடவைக்கு மேல் வரவுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 8 சிலிங் கோரலாம். ஆனால் வித்தியாதரிசியின் பரீட்சையில் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றுள் எதில் தவறினாலும் பாடமொன்றுக்கு 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். இப்பரீட்சைக்கென ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையை வாசித்து, சொல்ல எழுத்துகளை எழுதி, இருபது வரை இலக்கங்களை இனங்காணல் வேண்டும். ஆறாந் தரத்துப் பிள்ளை செய்தித்தாளின் ஒரு பந்தியை வாசித்து, சொல்வதெழுதி, கடைப் பட்டியற் கணக்கைச் செய்தாற் போதும். உலகறிவு அவ்வளவே எனத் திறைசேரி கருதியது போலும்.

1861இல் வெளியான முதல் வரைவு பிள்ளைகளை வயதுப் பிரிவுகளாகவே பரீட்சிக்க எண்ணியிருந்தது. காலந்தாழ்த்திப் பாடசாலைக்கு வரும் ஏழைப் பிள்ளைகள் அதனாற் பாதிக்கப்படுவர் என்ற எதிர்ப்பின் பின்னரே வயது கைவிடப்பட்டுத் தரம் இடம்பெற்றது. இரக்கத்தினால் விளைந்த இம்மாற்றமே வயதையும் வகுப்பையும் பிரித்தது. பத்து வயதுப் பிள்ளை ஆறு வயதினரோடு முதலாந் தரத்தில் நிற்றல் இனிக் கோவை அனுமதித்த நிலைமையாயிற்று.

இதனினும் விளைவு மிக்கது இன்னொரு விதி. ஒரு தரத்திற் பரீட்சிக்கப்பட்ட பிள்ளையை மறுமுறை அதே தரத்திலோ, அதற்குக் கீழான தரத்திலோ தோற்றுவித்து நன்கொடை கோருதல் இயலாது. எளிய தரத்திற் பிள்ளையை ஆண்டுதோறும் நிறுத்திப் பணம் பெறுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆயின் நடைமுறையில் இது இருமுனைக் கத்தியாயிற்று. பாடத்தைப் பற்றிக்கொள்ளாத பிள்ளையைக் கீழே வைத்திருப்பதால் வருமானமில்லை. ஆகவே அடுத்த ஆண்டு மேல்தரத்துக்குத் தள்ளி, மூன்றில் ஒரு பாடத்திலேனும் சித்தி பெறுவிக்க முயல்வதே பாடசாலைக்கு இலாபம். மறுபுறம், ஈராண்டுப் பாடத்தை ஓராண்டிற் கற்கவல்ல பிள்ளை ஒரு தரத்தைத் தாண்டிச் சென்றால் அத்தரத்துக்குரிய 8 சிலிங்கும் இழக்கப்படும். இவ்வாறு கெட்டிக்காரன் தடுத்து நிறுத்தப்படவும், பின்தங்கியவன் ஆயத்தமின்றி ஏற்றப்படவும் ஏதுவாயிற்று. ஆசிரியரைப் பழிப்பது எளிது. ஆனால் நன்கொடை பாடசாலை முகாமையாளரின் கைக்கே சென்றது; ஆசிரியரின் ஊதியத்தை அதனோடு பிணைத்த முகாமையாளர் பலர்.

கவிஞராகவும் வித்தியாதரிசியாகவும் விளங்கிய மத்தியூ ஆர்ணல்ட், பாடசாலைகளின் அறிவுயிர்ப்பு குன்றிவிட்டதைத் தம் 1867ஆம் ஆண்டு அறிக்கையிற் சுட்டினார். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்புப் பரீட்சையிற் சித்தியெய்துவிக்கலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். குறித்த நூலை மனனஞ் செய்வித்தால் வேலை முடிந்தது.

கட்டாய வரவு புகுத்தப்பட்டபின் தரம் வேறொரு பயனையும் பெற்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்த பிள்ளை குறித்த தரத்திற் சித்தியெய்தினாற் பாடசாலையை விட்டு வேலைக்குச் செல்லலாம். ஆக, படிப்பில் வல்ல பிள்ளையே முந்தி ஆலைக்குச் சென்றது. சித்தியெய்தாதோர்க்கும் வழியொன்று விடப்பட்டது: ஐந்தாண்டுகள், ஆண்டுக்கு 250 தடவைக்குக் குறையாத வரவு காட்டினாற் போதும். இதனை மக்கள் 'மொக்கர் சான்றிதழ்' என்னும் பொருள்பட எள்ளி நகைத்தனர். கூலியை எதிர்நோக்கிய ஏழைப் பெற்றோர்க்கோ அது நகைப்புக்குரியதாயிருந்திராது.

இம்முறை இங்கிலாந்தோடு நிற்கவில்லை. இலங்கையில் 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதை அடுத்து, பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவே உதவி நன்கொடையின் அடிப்படையாயிற்று. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளும், பின்னர் நன்கொடை பெற்ற சைவப் பாடசாலைகளும் பிள்ளைகளைத் தரவாரியாக நிறுத்தி வித்தியாதரிசியின் வரவுக்குக் காத்திருந்தன. சமயத்தில் முரண்பட்டு நின்ற இருசாராரும் இவ்வொரு விடயத்தில் ஒரே கோவைக்குக் கட்டுப்பட்டனர் என்பது நோக்கத்தக்கது.

இங்கிலாந்தில் 1890ஆம் ஆண்டுக் கோவை இம்முறையின் முதுகெலும்பை முறித்தது. 1897அளவில் எஞ்சியனவும் நீங்கின. அம்முறையின்கீழ்ப் பல்லாண்டு பிள்ளைகளைப் பரீட்சித்து, பின் தலைமை வித்தியாதரிசியாகி ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் வெளியிட்ட நூலில், கொடுப்பனவு போயும் அது பழக்கிய இயந்திரத்தனம் வகுப்பறையை விட்டு அகலவில்லை என வருந்தினார். தரங்களின் பெயரும் அகலவில்லை. பெறுபேற்றுக் கொடுப்பனவைத் தானும் கைக்கொண்டிருந்த சென்னை மாகாணத்தின் வழிவந்த தமிழ்நாட்டில், பிள்ளை எந்த 'ஸ்ராண்டட்' படிக்கின்றது என்றே இன்றும் கேட்கின்றனர்.