மரக்கலமும் மன்னன் ஆணையும்: தீவகக் கடலின் பண்டை வாணிகம்

பண்டை நாகரிகங்களுக்கிடையே நிகழ்ந்த வாணிகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் பண்டங்களையே கணக்கிடுவர். உரோம நாணயமும் சீன மட்பாண்டமும் எங்கெங்குக் கிடைத்தன என்பது அவர்தம் முதல் வினாவாக அமையும். ஆயின், முன்பின் அறியாத கரைக்குத் தன் பொருளனைத்தையும் ஏற்றிச் செல்லும் துணிவு வணிகனுக்கு எவ்வாறு வாய்த்தது என்னும் வினாவும் அதற்கு ஒப்பச் சிறந்ததாகும். யாழ்ப்பாணத் தீவகம் இவ்வினாவுக்குக் கல்லிற் பொறித்த விடையொன்றை வைத்திருக்கின்றது.

ஊர்காவற்றுறைக்கு மேற்கேயும் நயினாதீவுக்கு வடக்கேயும் அமைந்தது அனலைதீவு. பாக்குநீரிணையிலிருந்து ஊர்காவற்றுறையை நாடும் கலங்கள் அனலைதீவை அடுத்த கடலைக் கடந்து செல்வதுண்டு. இப்பகுதியின் ஆழங்குறைந்த நீரும் பருவக்காற்றும் மரக்கலங்களுக்குப் பேரிடர் விளைக்க வல்லவை. எனினும் வாணிகம் தடைப்படவில்லை. குடாநாட்டுக் கந்தரோடையிற் கிடைத்த உரோம நாணயங்களும், மன்னார்க் கரையில் மாந்தை அகழ்வாய்வுகள் வெளிப்படுத்திய பாரசீக, சீன மட்பாண்டங்களும் இதற்குச் சான்றாம்.

முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறை என இக்கல்வெட்டுக் குறிப்பது இன்றைய ஊர்காவற்றுறையே. அத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும் என்பது மன்னன் ஆணை. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்தைச் சாரும்; எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கே உரியன. பிற வாணிகக் கலம் உடையுமாயின் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் சேரும்.

இப்பாகுபாடு ஊன்றி நோக்கற்பாலது. போருக்கு வேண்டிய யானை குதிரைகளைக் கொணர்வோருக்கு அரசு கூடுதற் சலுகை அளித்தது. எனவே, இதனை வெறும் அறச்செயலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அரசின் தேவையும் வணிகரின் அச்சமும் சந்தித்த இடத்திற் பிறந்த உடன்பாடு இது. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் பொறித்த அபயசாசனம் (1244–45) இதனோடு ஒப்பிடத்தக்கது. முன்னைய அரசர் உடைந்த கலங்களின் பொருளை முழுதும் பறித்தனர் என அது கூறுகின்றது. அத்தகைய காலத்தில், அதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு முன்னரே, தீவகக் கரையில் உடையவனின் உரிமை ஏற்கப்பட்டமை சிறப்புடையது.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் தன் ஆணையைத் தமிழில் வெளியிட்டமையும் கருதத்தக்கது. இத்துறையில் வழங்கிய மொழி தமிழே என்பது இதனாற் புலப்படும். அயலிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977 இல் கண்டறியப்பட்ட சொங் காலச் சீன மட்பாண்டங்கள், அத்துறையை நாடிய பண்டங்கள் எத்துணைத் தொலைவிலிருந்து வந்தன என்பதைக் காட்டுகின்றன. 2018 இல் அங்குச் சீன, இலங்கை ஆய்வாளர் கூட்டாக அகழ்வாய்வு நடத்தினர்.

தீவகத்தை வரலாற்றின் ஓரத்தில் வைத்து நோக்கும் வழக்கம் இச்சான்றுகளின் முன் நில்லாது. நாகரிகங்களை இணைத்தவை காற்றும் கலமும் மட்டுமல்ல. அலை ஒதுக்கிய பொருளும் அதற்குரியவனுக்கே திரும்பும் என்ற உறுதியும் அவற்றை இணைத்தது. அவ்வுறுதியைச் சொல்லும் கல் தீவகத்தில் நிற்கின்றது. மண்ணுள் எஞ்சியிருக்கும் பிற சான்றுகளையும் அழியுமுன் காத்தல் ஆய்வாளரின் கடன் மட்டுமன்று; அம்மண்ணுக்குரிய யாவரின் கடனுமாகும்.