கொழுந்தின் இளமையும் உழைப்பின் காலமும்: மலையகத் தேயிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தேயிலையின் வரலாறு காணி, மூலதனம், குடிப்பெயர்வு என்பவற்றின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் தோட்டத்தில் விளையும் பண்டம் கொழுந்து. அதன் பெறுமதி இளமையில் தங்கியுள்ளது. அவ்விளமை யாது என்னும் வினா தாவரவியலுக்கு மட்டுமன்றி உழைப்பின் வரலாற்றுக்கும் உரியதாகும்.

வளரும் கலத்தைச் சூழ்ந்திருப்பது முதற்கலச்சுவர். அதில் செலுலோசு இழைகளோடு சிறிதளவு புரதங்களும் உண்டு. 1960இல் லம்போட், நோர்த்கோட் ஆகியோர் இச்சுவரில் ஐதரொட்சிபுரோலீன் என்னும் அமினோ அமிலம் இருப்பதை எடுத்துக்காட்டினர். அதனைக் கொண்ட புரதம் சுவரின் நீட்சிக்கு உதவுவதெனக் கருதப்பட்டு ‘எக்ஸ்டென்சின்’ எனப் பெயர்பெற்றது. பின்வந்த ஆய்வுகளோ, அது குறுக்குப் பிணைப்புகளால் சுவரை இறுக்குவதென உணர்த்தின. சுவரைத் தளர்த்தும் ‘எக்ஸ்பான்சின்’ புரதங்களைக் கொஸ்குரோவ் குழுவினர் 1992இல் வெள்ளரி நாற்றிலிருந்து இனங்கண்டனர். இவை தேயிலையில் நிகழ்ந்த ஆய்வுகளல்ல; எனினும் பூக்குந் தாவரங்களுக்குப் பொதுவான இவ்வியல்பு தேயிலைக்கும் பொருந்தும். ஆகவே இளமை என்பது தளர்தலுக்கும் இறுகுதலுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய காலமே.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கவே, மூலதனம் தேயிலையை நாடியது. மரமாக வளரவேண்டிய செடி கவ்வாத்தினாலும் ஓயாத கொழுந்தெடுப்பினாலும் இடுப்பளவில் நிறுத்தப்பட்டது. இரண்டு இலையும் மொட்டும் முற்றுமுன் பறிக்கப்படல் வேண்டும். ஆகவே அதே மலைக்கு ஏறக்குறைய வாரத்துக்கொருமுறை மீளவேண்டும். கொழுந்து முற்றுவது இயற்கை. அதற்குள் எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், எத்தனைக்கு அரைப்பேர் என்பதோ சமூக உறவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டியதிலேயே தோட்ட நிருவாகத்தின் வலிமை தங்கியிருந்தது.

1946இல் இலங்கையை அடைந்த கொப்புள நோயும் இளங்கொழுந்தையே பற்றியது. இலாபம் வேண்டி நிலைநிறுத்தப்பட்ட இளமை பூஞ்சணத்துக்கும் உணவாயிற்று. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்நோயை ஆராய்ந்தது. ஆனால் இலை முற்றியதா, ஒடியுமா என்பதைத் தொட்ட மாத்திரத்தே உணரும் விரல்கள் அதற்கு முன்பே மலைகளில் இருந்தன. தாயிடமிருந்து மகள் பெற்ற அவ்வறிவு ‘தேர்ச்சியற்ற உழைப்பு’ என்றே கணக்கிடப்பட்டது. அவ்விரல்களுக்குரியோரில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியபோதும் கொழுந்தை நிறுத்துப் பேர் போடும் முறை நீடித்தது. உடைமையை மட்டும் ஆராய்வது போதாதென்பதற்கு இதுவே சான்று. கலச்சுவர் இறுகும் வேகத்தை எச்சட்டமும் மாற்றாது. அவ்வேகத்தின் சுமையை யார் தாங்குவது என்பதை மனிதரே தீர்மானித்தனர். மனிதர் தீர்மானித்ததை மனிதர் மாற்றவும் கூடும்.