மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பப் போறீங்களா? முகவரிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய மாணவர் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். புதிய செயலாளரின் கைக்கு ஓர் எக்செல் கோப்பு வருகிறது. அதில் 800 மின்னஞ்சல் முகவரிகள். "எல்லாருக்கும் ஒரே நேரத்தில அனுப்பிடலாமே" என்று யாரோ சொல்கிறார்கள்.

அனுப்பலாம்தான். ஆனால், அதில் 100 முகவரிகள் செயலிழந்தவை என்றால், பாதிப்பு அந்த 100 பேரோடு நிற்காது. சரியான முகவரி வைத்திருக்கும் மற்ற 700 பேரில் பலருக்கும் அந்தக் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழலாம்.

கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது என்ற அறிவிப்போ, நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ அப்படித் தொலைந்தால் அது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான், அனுப்பும் முன் பட்டியலைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது? எது வரைக்கும் செய்ய முடியும்?

முகவரி ஏன் செத்துப்போகிறது?

மலேசியர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் ஜாரிங். நாட்டின் முதல் இணையச் சேவை அது. மைமோஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் அதை நடத்தத் தொடங்கியது. டயல்-அப் மோடம் கீச்சிட்ட அந்தக் காலத்தில் பலருக்கும் கிடைத்த முதல் மின்னஞ்சல் முகவரி 'ஜாரிங்.மை' என்றுதான் முடியும். 2015-இல் ஜாரிங் தன் செயல்பாட்டை நிறுத்தியது.

பழைய சங்கப் பட்டியல்களில் அந்த முகவரிகள் இன்னும் உட்கார்ந்திருக்கலாம். பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். எழுத்துப் பிழை இருக்காது. ஆனால், சேவையே நின்றுபோன ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும் முகவரியை நம்பி யாருக்கும் அறிவிப்பு அனுப்ப முடியாது.

நிறுவனம் மூடப்பட வேண்டும் என்றுகூட இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒருவர் வேலை மாறினால் அவருடைய பழைய அலுவலக முகவரி போய்விடும். படிப்பு முடிந்ததும் மாணவர் முகவரியை மூடிவிடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓராண்டாகப் பயன்படுத்தப்படாத பெயர்களை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போவதாக யாஹூ 2013-இல் அறிவித்தது. அதாவது முகவரி வேலை செய்யும், ஆனால் அதன் பின்னால் இருப்பவர் வேறு ஆள்!

திரும்பி வந்தால் என்ன நஷ்டம்?

போய்ச் சேராமல் திரும்பும் மின்னஞ்சலை 'பவுன்ஸ்' என்கிறோம். அது இரண்டு வகை.

முகவரியே இல்லை என்றால் அது நிரந்தரப் பவுன்ஸ். திரும்பி வரும் அறிவிப்பில் 550 போன்ற, 5-இல் தொடங்கும் எண் இருக்கும். பெட்டி நிரம்பிவிட்டது, சர்வர் தற்காலிகமாக ஏற்கவில்லை என்பது போன்றவை தற்காலிகப் பவுன்ஸ். பெரும்பாலும் 4-இல் தொடங்கும் எண் வரும். முதல் வகையை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வகைக்கு மறுபடி முயன்று பார்க்கலாம்.

ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற சேவைகள் ஒவ்வோர் அனுப்புநருக்கும் ஒரு மதிப்பை மனதில் வைத்திருக்கின்றன. தெரிந்தவர்களுக்கு எழுதுபவர் இத்தனை தவறான முகவரிகளுக்கு எழுத மாட்டார். எங்கேயோ வாங்கிய பட்டியலுக்கு அனுப்பும் ஸ்பேம் ஆசாமிதான் அப்படிச் செய்வார். பவுன்ஸ் கூடக் கூட, நீங்களும் அந்த ஆசாமி மாதிரியே தெரிகிறீர்கள்.

மொத்த அஞ்சல் அனுப்ப உதவும் அமேசானின் எஸ்இஎஸ் சேவை, பவுன்ஸ் 5 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்கிறது. 10 விழுக்காட்டைத் தாண்டினால் கணக்கையே இடைநிறுத்தக்கூடும். 800 முகவரிகளில் 10 விழுக்காடு என்றால் வெறும் 80. மேலே சொன்ன சங்கம் அந்தக் கோட்டை ஏற்கனவே தாண்டிவிட்டது.

ஸ்பேமை ஒழிக்கப் பாடுபடும் அமைப்புகள் வைக்கும் பொறி முகவரிகளும் உண்டு. யாரும் பயன்படுத்தாத முகவரிகள் அவை. பல ஆண்டுகளாகச் செத்துக் கிடந்த முகவரியே சில நேரம் பொறியாக மாற்றப்படும். அங்கே போகும் கடிதம் திரும்பி வராது. ஆனால், அனுப்பியவரின் பெயர் குறித்துக்கொள்ளப்படும்.

முதல் சோதனை: எழுத்தும் வடிவமும்

இதற்கு எக்செல் போதும். ஒவ்வொரு முகவரியிலும் ஒரே ஓர் '@' இருக்கிறதா? முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரே முகவரி இரண்டு முறை வந்திருக்கிறதா? முகவரியின் மொத்த நீளம் 254 குறிகளுக்குள்ளும், '@'-க்கு முன்னால் இருக்கும் பகுதி 64-க்குள்ளும் இருக்க வேண்டும்.

அடுத்து, கை தவறிய பிழைகள். 'ஜிமெயில்.காம்' என்பது 'ஜிமெயில்.கான்' ஆகியிருக்கும். 'யாஹூ.காம்.மை' என்பதில் கடைசி 'மை' விழுந்திருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம்: '@'-க்குப் பின்னால் இருக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்து அகர வரிசைப்படுத்துங்கள். 300 முறை சரியாக வந்த பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை வந்த பிழை பளிச்சென்று தெரியும்.

நம்ம ஊர்த் தமிழ்ப் பெயர்களில் இன்னொரு தலைவலி. சுப்ரமணியம் என்பவர் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தாக 'எம்' போடுவாரா 'என்' போடுவாரா? லட்சுமியில் 'எக்ஸ்' வருமா 'கே' வருமா? கையெழுத்துப் படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் தனக்குப் பழகிய எழுத்துக்கூட்டலைப் போட்டிருந்தால் முகவரி மாறிவிடும். இந்தப் பிழையை எந்த மென்பொருளாலும் பிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுமே ஒழுங்கான பெயர்கள்.

புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே இருக்கும் புள்ளி கணக்கில் வராது. புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிதான். மற்றச் சேவைகளில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கூட்டல்' குறி உள்ள முகவரிகளும் செல்லுபடியானவையே. அவற்றைப் பிழை என்று நீக்கிவிடாதீர்கள்.

தமிழில் எழுதிய முகவரி செல்லுமா?

செல்லும். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி அமைப்பதற்கான தொழில்நுட்ப விதி 2012-இல் வெளியானது. அத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறும் வசதியை ஜிமெயில் 2014-இல் கொண்டுவந்தது. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' ஆகிய மூன்று தமிழ் நாட்டுக்குறியீடுகளும் இணையத்தில் உள்ளன. மலேசியாவுக்கு ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தவிர ஜாவி எழுத்தில் ஒன்று உண்டு.

ஆனால், பல இணையப் படிவங்கள் ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும்படி எழுதப்பட்டவை. தமிழ் முகவரியைப் பார்த்ததும் 'தவறான முகவரி' என்று சிவப்பில் காட்டும். தவறு அந்தப் படிவத்தில்தான். அதோடு 64 என்ற வரம்பு பைட் கணக்கு. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போவதால், '@'-க்கு முன்னால் 21 குறிகள்தான் அடங்கும். 'கு' என்பதே இரண்டு குறிகள்.

இரண்டாவது சோதனை: அந்த டொமைன் கடிதம் வாங்குமா?

'@'-க்குப் பின்னால் இருப்பது டொமைன். ஒரு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்தச் சர்வர் வாங்கிக்கொள்ளும் என்பதை 'எம்எக்ஸ்' என்ற பதிவு சொல்லும். கணினியில் இருக்கும் 'என்எஸ்லுக்அப்' கட்டளை மூலமோ, இலவச இணையக் கருவிகள் மூலமோ அதைப் பார்க்கலாம். டொமைன் பெயரே இல்லை என்று பதில் வந்தால், அந்த முகவரியை எடுத்துவிடலாம்.

800 முகவரிகளுக்கும் இதைச் செய்ய வேண்டாம். பெரும்பாலானவை ஜிமெயில், யாஹூ, ஹாட்மெயில் என்றுதான் இருக்கும். மிஞ்சுவது சில டஜன் டொமைன்களே. செயலிழந்த நிறுவனங்களின் பெயர்கள் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது சோதனை: அந்தப் பெட்டி இருக்கிறதா?

இதுதான் கஷ்டமான இடம். அடுக்குமாடி வீட்டின் காவலரிடம் போய், "12-ஆம் மாடியில இவரு இருக்காரா?" என்று கேட்பது போன்றது இது. காவலர் "இருக்காரு" என்பார், "இல்ல" என்பார், அல்லது வாயே திறக்க மாட்டார்.

மின்னஞ்சல் சர்வர்களும் அப்படித்தான். அனுப்பும் சர்வர் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அடுத்து யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லும். பெட்டி இருந்தால் 250 என்ற பதில் வரும், இல்லையென்றால் பெரும்பாலும் 550. முகவரிச் சோதனைச் சேவைகள் இந்த இடத்தில் கடிதத்தைக் கொடுக்காமலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டு, கிடைத்த பதிலை உங்களிடம் தருகின்றன.

இந்தப் பதிலை முழுதாக நம்ப முடியாது. சில டொமைன்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும் 250 என்றே சொல்லும். சில சர்வர்கள் தெரியாதவருக்கு முதலில் "பிறகு வா" என்று பதில் தரும். முகவரி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதற்கென்றே 'வெரிஃபை' என்ற கட்டளை பழைய விதிகளில் உண்டு. ஸ்பேம் அனுப்புவோர் அதை வைத்தே முகவரிகளைத் திருடியதால், பெரும்பாலான சர்வர்கள் அதை முடக்கிவிட்டன. நீங்களே ஒரு நிரலை எழுதி நூற்றுக்கணக்கில் கேட்டால், உங்கள் இணைய முகவரியும் தடைப் பட்டியலில் சேரலாம்.

அப்போ உறுதியான வழி?

ஒன்றே ஒன்றுதான்: முகவரிக்கு உரியவரையே கேட்பது. ஒருவர் பதிவு செய்ததும் ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் போகும். அதில் இருக்கும் இணைப்பை அவர் தட்டினால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். பெட்டி இருக்கிறது, அது அவருடையது, அவருக்கு விருப்பம் இருக்கிறது என்ற மூன்றும் ஒரே தட்டில் தெரிந்துவிடும். சில அலுவலகப் பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்புகளைத் தாமாகவே திறந்து பார்ப்பதால், திறக்கும் பக்கத்தில் இன்னொரு பொத்தானையும் அழுத்தச் சொல்வது நல்லது.

விருப்பம் ஏன் முக்கியம்? மொத்தமாக அனுப்புவோருக்கான ஜிமெயில், யாஹூ விதிகள் 2024 பிப்ரவரியில் கடுமையாகின. 'இது ஸ்பேம்' என்று புகார் செய்பவர்கள் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது 1,000 கடிதங்களுக்கு மூன்றுகூட அதிகம். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பரக் கடிதங்களில் ஒரே தட்டில் விலகும் வசதியும் கட்டாயம்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. பெயரோடு கூடிய மின்னஞ்சல் முகவரி தனிநபர் தரவு. சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி, நேரடி விளம்பரத்துக்குத் தன் தரவைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்கலாம். 2024-இல் நிறைவேறிய திருத்தங்கள் 2025-இல் படிப்படியாக நடப்புக்கு வந்தன. தரவுக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது.

இந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. ஆனாலும், ஓர் ஆலயமோ சங்கமோ உறுப்பினர்களின் முகவரிகளை இலவச இணையக் கருவியில் பதிவேற்றும் முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். அந்த 800 பேரின் விவரங்களும் வேறொரு நாட்டின் சர்வருக்குப் போகின்றன. அங்கே எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள்? தனியுரிமை விதிகளைப் படித்துவிட்டு, பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் ஆகியவற்றை நீக்கி, முகவரியை மட்டும் கொடுங்கள்.

அனுப்பும் முன், அனுப்பிய பின்

* இரட்டைப் பதிவு, இடைவெளி, எழுத்துப் பிழை ஆகியவற்றைக் களையுங்கள்.
* டொமைன்களைத் தனியே பிரித்துச் சோதியுங்கள்.
* அண்மையில் பதில் எழுதியவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். பவுன்ஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பலாம்.
* சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர்தான் வரம்பு. அதற்கு மேல் என்றால் மொத்த அஞ்சல் சேவையை நாடுங்கள்.
* நேரடியாக அனுப்பினால் எல்லா முகவரிகளையும் 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள். 'சிசி'யில் போட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.
* 5-இல் தொடங்கும் எண்ணோடு திரும்பியவற்றில் காரணத்தையும் படியுங்கள். முகவரி இல்லை என்றால் அதற்கு மறுபடி அனுப்ப வேண்டாம்.

நீக்கிய முகவரிகளை அப்படியே மறந்துவிடவும் வேண்டாம். செத்துப்போனது முகவரிதான், உறுப்பினர் இல்லை. அந்தப் பெயர்களைத் தனிப் பட்டியலாக்கி, கைப்பேசி எண் இருந்தால் அழைத்துப் புது முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பொதுக்கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறதே, ஒரு நாளைக்குப் பத்துப் பேரை அழைத்தால்கூட 100 பேரையும் பத்து நாளில் முடித்துவிடலாம்.