தண்ணீர் (நாவல்)

தண்ணீர், அசோகமித்திரன் (1931–2017) எழுதிய தமிழ் நாவல். கணையாழி இதழில் தொடராக வந்து, 1973இல் நூலானது. பின்னர் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். குடிநீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்றில் கதை நடக்கிறது. ஆசிரியர் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், நெடுங்காலம் தி.நகரில் குடியிருந்தவர். சினிமாவின் ஓரத்தில் நிற்கும் மனிதர்களும், குடத்தோடு அலையும் நடுத்தரக் குடும்பங்களும் அவர் கிட்டே இருந்து பார்த்தவர்கள்.

ஜமுனாவுக்குச் சினிமாவில் நடிகையாகும் ஆசை. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் பாஸ்கர் ராவ் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். தங்கை சாயா வேலைக்குப் போகிறவள். கணவன் ராணுவத்தில், மகன் மாமா வீட்டில். அக்காவின் போக்குப் பொறுக்காமல் அவள் பிரிந்து போகிறாள். ஜமுனா உயிரை விடவும் துணிகிறாள்.

உணர்ச்சியை அசோகமித்திரன் பெயர் சொல்லி எழுதுவது அபூர்வம். குடத்தை எடுத்துக்கொண்டு ஜமுனா எந்த வீட்டுக்குப் போகிறாள், யாரிடம் தண்ணீர் கேட்கக் கூசுகிறாள் என்பதைக் கொண்டே அவள் மனத்தை அறிய வேண்டியிருக்கிறது. வாக்கியங்கள் சிறியவை, உவமைகள் குறைவு.

நாவலின் உச்சம், பள்ளி ஆசிரியையான டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் பகுதிதான். சாகத் துணிந்தவளிடம் அவர் அறிவுரை சொல்வதில்லை. சிறு வயதில், தன்னைவிட மிக மூத்த, இருமல்காரரான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட தன் கதையைச் சொல்கிறார். பள்ளிக்கூட வேலை, மாமியார், தண்ணீர் பிடிப்பது என்று அவர் நாள் ஓடுகிறது. தன்மேல் இரக்கம் தேடாத அந்தக் குரல்தான் ஜமுனாவை அசைக்கிறது. ஒரு பாத்திரத்தின் துயரத்தை வைத்து இன்னொரு பாத்திரத்தின் துயரத்தை அளக்கும் இந்த உத்தி, தமிழில் இவ்வளவு அடங்கிய தொனியில் கையாளப்பட்டது அரிது.

தண்ணீர்ப் பஞ்சத்தை அன்பின் வறட்சிக்குக் குறியீடாக வாசிப்பது வழக்கம். அது பிழையல்ல, ஆனால் போதாது. தோண்டிப் போட்ட ரோடு, வற்றிப்போன கைப்பம்பு, குழாயில் கலந்துவரும் சாக்கடை எல்லாம் அன்றாடத் தொல்லைகளாகவே முதலில் வருகின்றன. அந்தத் தொல்லையை வாசகர் உடம்பால் உணர்ந்த பிறகே குறியீடு வேலை செய்யத் தொடங்குகிறது.

கடைசியில் ஜமுனா கர்ப்பமாக இருக்கிறாள். அழைத்துப்போக வரும் பாஸ்கர் ராவோடு போக மறுக்கிறாள். அந்த மறுப்புக்கு ஆசிரியர் விளக்கம் எதுவும் எழுதவில்லை. தெருவில் அதுவரை அவள் சுமந்த குடங்களும் கேட்ட பேச்சும் அதற்குப் போதும் என்று விட்டுவிடுகிறார்.