பிரசங்கக் கலை (இலங்கைத் தமிழ்)

கேட்போர் மனத்தைத் தன்வயப்படுத்தும் பொருட்டுச் சொல்லையும் பொருளையும் ஒழுங்குபடுத்தும் வன்மையைத் தமிழர் தொன்றுதொட்டே ஒரு கலையாகப் போற்றினர் என்பதற்குத் தொல்காப்பியத்து உவமவியலும், சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் திருக்குறள் அதிகாரங்களும் சான்றாகும். வடமொழியில் தண்டி இயற்றிய காவ்யாதர்சத்தைத் தழுவித் தமிழில் தண்டியலங்காரமும், சிங்களத்தில் சியபஸ்லகர என்னும் நூலும் தோன்றினமையால், இருமொழிப் புலவரும் அலங்கார சாஸ்திரத்தில் ஓர் ஆசிரியரின் வழியினரே எனலாம். எனினும் அந்நூல்கள் பெரிதும் செய்யுளையே நோக்கியவை. எழுத்தறியாதாரும் கூடிய சபையில் வசன நடையில் பேசி, அவர்தம் ஒழுக்கத்தையும் நம்பிக்கையையும் திருத்த முயலுதல், இலங்கைத் தமிழரிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தனிக் கலையாக வளர்ந்தது.

அதனைத் தொடங்கிவைத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற அவர், பாதிரிமார் பிரசங்கத்தாலும் அச்சுப் பிரசுரத்தாலும் சனங்களை ஈர்க்கும் முறையை அருகிருந்து கண்டவராதலின், அந்த உபாயங்களையே சைவத்தின் பாதுகாப்புக்கும் கைக்கொண்டார். 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. சிவபக்தியும் தானமும் மட்டுமன்றி, கொல்லாமை, மதுபானத்தின் தீங்கு, இல்லற ஒழுக்கம் ஆகியனவும் அங்கே பொருளாயின. புராணத்துக்குப் பயன் சொல்லுதல் கோயில்களில் முன்னரே உண்டு. நாவலர் செய்த புதுமை, ஒரு பொருளை முன்வைத்து, பிரமாணங் காட்டி, சபையோரை நேரே விளித்து வற்புறுத்தியமையாகும். அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை 1849இல் வழங்கியது திருவாவடுதுறை ஆதீனம்.

வாதத் திறத்தின் முதிர்ச்சியை அவரது சைவதூஷண பரிகாரத்தில் (1854) காணலாம். கோயிற் கிரியைகளைப் பாதிரிமார் இகழ்ந்தபோது, அவற்றை ஆகமங் கொண்டு மட்டும் தாங்காது, எருசலேம் ஆலயத்து வழிபாடு பற்றி விவிலியமே கூறுவனவற்றை எடுத்துக்காட்டி, எதிராளியர் மறுக்கவியலாத பிரமாணத்தாலேயே அவர்கள் வாயை அடைத்தார். சைவ சித்தாந்த நூல்கள் பரபக்கம் (பிறர் கொள்கையை மறுத்தல்), சுபக்கம் (தம் கொள்கையை நிறுவுதல்) எனப் பிரித்து வாதிடும் மரபில் ஊறிய உள்ளத்துக்கே அது கைகூடும்.

மலையகத்தில் இக்கலை வேறு நிலத்தில் வேர்கொள்ள வேண்டியிருந்தது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் வந்து மாத்தளையில் மலையேறிய கூலிகளின் சந்ததியார், இறத்தோட்டை, எல்கடுவை முதலிய தோட்டங்களில் துரையின் அதிகாரத்துக்கும் கங்காணியின் கடனுக்கும் உட்பட்டு லயங்களில் வாழ்ந்தனர். அம்மாவட்டத்திலேயே வடகிழக்கே லக்கல பல்லேகமப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் பன்சாலையில் (பௌத்த விகாரையில்) பிக்குவைச் சுற்றியமர்ந்து பண என்னும் உபதேசத்தைக் கேட்கும் உரிமையேனும் பெற்றிருக்க, தோட்டத் தொழிலாளிக்கோ அந்நியர் ஒருவர் வந்து பேசக் கேட்பதே அரிதாயிருந்தது.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் துணி வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தது இந்நிலையிலேயாம். தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளையும் சிறு பிரசுரங்களையும் அவர் வெளியிட்டார். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டால், ஒரு தாள் ஒரு லயத்துக்கே பிரசங்கமாகிவிடும். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் அமைத்து, அட்டனை நிலைக்களமாகக் கொண்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மை அக்கூட்டங்களில் பாடினார். சனங்கள் முன்னரே அறிந்த மெட்டில் சம்பளக் குறைவையும் துரையின் கொடுமையையும் வைத்துப் பாடும்போது, மெட்டு நினைவில் இருப்பதால் சொல்லும் உடன் தங்கிவிடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண் அதனை மறுநாள் மலையில் முணுமுணுத்தால், கங்காணி எதைக் குற்றமென்று பிடிப்பான்? அப்பாடல்கள் 1940இல் நூலாயின.

இலங்கைத் தமிழ்ப் பேச்சுக் கலையின் வரலாற்றை எழுதுவோர் நாவலரோடு தொடங்குவது முறையே. ஆனால் பட்டமும் பீடமுமின்றி, எழுத்தறியாத பெண்களின் நெஞ்சைத் தொட்ட மீனாட்சி அம்மையை அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது முறையன்று. அவர் அக்கலையின் பேராசிரியருள் ஒருவர்.