கோவளத்து உப்பு கூடுவாஞ்சேரிக்கு வந்த வழி

கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் சாலையில் கிழக்கே போய், கேளம்பாக்கத்தைத் தாண்டினால் உப்பளம் வந்துவிடும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்; மாட்டுவண்டிக்கு ஒரு பகல். இந்தச் சின்னத் தூரத்தைக் கடந்து அடுப்பங்கரைக்கு வர, உப்பு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது.

உப்பு விளைவதில் மர்மம் ஏதுமில்லை. கோவளம் கழியில் ஏறும் கடல்நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, பெரிய பாத்திகளில் தேக்குவார்கள். வெயிலில் சுண்டிக் கனத்ததும் சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுவார்கள். வெள்ளை படிந்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அம்பாரத்தின் மேல் கீற்று போட்டு மூடியாக வேண்டும். கடலும் வெயிலும் இலவசம். செலவெல்லாம் உடம்பு உழைப்புதான்.

1805இல் கிழக்கிந்தியக் கும்பினி, சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைந்ததையெல்லாம் அது வைத்த விலைக்கு அதனிடமே அளக்க வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருந்ததுதான் வருமானம். பிற்பாடு உரிமம் பெற்றவர்கள் விளைத்துத் தீர்வை கட்டி விற்கலாம் என்று முறை மாறியது, பிடி தளரவில்லை. 1889ஆம் ஆண்டு சென்னை உப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் உப்புக் காய்ச்சுவது குற்றம். உவர்மண்ணைச் சுரண்டி உப்பெடுப்பதும் குற்றம். சதுப்பில் தானாகப் பூத்த உப்பைக்கூட உப்பு இலாகாச் சிப்பந்திகள் அழித்துவிட்டுப் போனார்கள்.

தீர்வை கட்டிய உப்புக்கு மட்டும் ராஜபாட்டை. உப்பளத்தை ஒட்டியே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877–78இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதன் பிறகு தெற்கேயிருந்து வரும் உப்புப் படகு சென்னைக்குள் புகுந்து வடக்கேயும் போக முடிந்தது. பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வெட்டிய கால்வாயில் அவர்கள் கஞ்சிக்கான உப்பு வரியோடு போயிற்று.

இந்த வரி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றே. அதிலும் வெயிலில் வேர்த்து உழைப்பவனுக்குத்தான் உப்பு கூடுதலாக வேண்டும். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலேயே எஸ்.ஏ. சுவாமிநாத ஐயர் உப்பு வரியைப் பற்றிப் பேசினார். 1923இல் மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரட்டிப்பாக்க அரசாங்கம் கேட்டது. மத்திய சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் ஒப்பமிட்டு அதை அமலாக்கினார். அடுத்த ஆண்டே பழைய அளவுக்கு இறக்கினார்கள் என்றாலும், பிரதிநிதிகளின் வாக்குக்கு என்ன மதிப்பு என்பதை உப்பு காட்டிவிட்டது.

1930 ஏப்ரல் 6 அன்று தண்டியில் காந்தி பிடி உப்பை அள்ளினார். ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர் படையோடு வேதாரணியம் நோக்கி நடந்தார். வழியில் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜிக்கு ஆறு மாதக் கடுங்காவல்.

1931 மார்ச் 5 அன்று காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. உப்பு கிடைக்கும் இடத்தை ஒட்டிய கிராமத்தார் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊருக்குள் விற்கலாம். வெளியூராருக்கு விற்கக் கூடாது. அந்த வாசகப்படி கோவளத்தாருக்குச் சலுகை உண்டு, கூடுவாஞ்சேரியாருக்கு இல்லை. கடலோரத்துக்குக் கிடைத்த பாதி விடுதலை உள்நாட்டுக்கு வர மேலும் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. இடைக்கால அரசு 1947 ஏப்ரல் 1 முதல் உப்பு வரியை ஒழித்தது. சுதந்திரத்துக்கு நான்கரை மாதம் முன்பே உப்பு விடுதலையாகிவிட்டது.

இன்று கூடுவாஞ்சேரிக் கடையில் உள்ள பாக்கெட் உப்பு குஜராத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வருகிறது. அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் கடலுக்கும் உலைப்பானைக்கும் நடுவே இப்போதும் ஒரு சட்டம் நிற்கிறது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க, அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதை 2006இல் மத்திய அரசு தடை செய்தது. அதை எதிர்த்துச் சிலர் வழக்காடினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. மக்கள் நலன் கருதி ஆறு மாதம் மட்டும் நீடிக்கவிட்டது. அதற்குள் அரசு வேறு சட்டத்தின் கீழ் முறையாகப் புது விதி கொண்டுவந்தது.

உப்பைப் பற்றிய சட்டத்தைக் கேள்வி கேட்டதற்கு 1930இல் கிடைத்தது ஆறு மாதச் சிறை. 2011இல் ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது அரசாங்கத்துக்கு.