தொண்டை, உணவுக்குழாய் வைரஸ் புண்களில் செல்லியல் சோதனை

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், எச்.ஐ.வி. தொற்று முற்றியோர் ஆகியோருக்குத் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் வைரஸால் புண் வருவதுண்டு. எச்சில் விழுங்குவதே வேதனையாகி, சாப்பாடு நின்று, உடல் மேலும் நலியும். முக்கியக் காரணிகள் இரண்டு: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சைட்டோமெகலோவைரஸ். முதலாவதற்கு அசைக்ளோவிர் மருந்து, இரண்டாவதற்குக் கான்சிக்ளோவிர். பின்னது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. வெள்ளணுக்கள் ஏற்கெனவே குறைந்தவருக்கு அதை ஊகத்தின் பேரில் கொடுக்க முடியாது. எந்த வைரஸ் என்று தெரிந்தாக வேண்டும்.

தொண்டைப் புண்ணை நேரடியாகச் சுரண்டி மாதிரி எடுக்கலாம். உணவுக்குழாய் என்றால் எண்டோஸ்கோப் வழியாகச் சிறு தூரிகையைச் செலுத்தித் தேய்ப்பார்கள். ஸ்லைடில் பூசியதும், உலர்வதற்குள் 95 சதவீத எத்தனாலில் அமிழ்த்திப் பாப்பானிகோலா சாயம் ஏற்றுவது வழக்கம். காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயம் ஏற்றுவது விரைவு முறை. இது தோல் கொப்புளங்களுக்காக அர்னோ ட்சாங்க் 1947இல் விவரித்த சோதனையின் வழி வந்தது.

எங்கே தேய்க்கிறோம் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் மேற்படலச் செல்களில் பெருகுவது. அவை மிஞ்சியிருப்பது புண்ணின் விளிம்பில். சைட்டோமெகலோவைரஸோ புண்ணின் அடியிலுள்ள ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களிலும் இணைப்புத்திசுச் செல்களிலும் தங்குவது. மேலோட்டமாகத் தேய்த்தால் எளிதில் தப்பிவிடும். ஆகவே விளிம்பில் தூரிகை, அடியில் பயாப்ஸி என இரண்டையும் சேர்த்துச் செய்வதே சரி. தட்டணுக்கள் மிகக் குறைந்து பயாப்ஸியால் ரத்தக்கசிவு ஏற்படும் என்று அஞ்சும் நோயாளிக்குத் தூரிகை பெரிய ஆறுதல்.

ஹெர்பிஸ் தாக்கிய செல்லில் பல உட்கருக்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். குரோமாட்டின் ஓரத்துக்கு ஒதுங்க, நடுப்பகுதி தேய்த்த கண்ணாடிபோல் மங்கலாகும். சின்னம்மை வைரஸும் இதே தோற்றம் தரும் என்பதால் ஆன்டிபாடிச் சாயமோ பிசிஆரோ கொண்டு பிரித்தறிவார்கள். சைட்டோமெகலோவைரஸ் புகுந்த செல் பெரிதாக வீங்கும். உட்கருவில் ஒரே பெரிய உள்ளடக்கம், சுற்றிலும் வெளிர் வளையம். இதை ‘ஆந்தைக்கண்’ என்பர்.

கதிர்வீச்சும் கீமோதெரபியும் செல்களை விகாரமாக்கிக் குழப்பும். மேலே கேண்டிடா பூஞ்சை படர்ந்திருக்க, அடியில் வைரஸ் இருப்பதும் உண்டு. ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தலாகாது. பிசிஆர் நுட்பமானதுதான். ஆனால் நோய் எதுவும் இல்லாதவர் எச்சிலிலும் ஹெர்பிஸ் வைரஸ் வெளிப்படலாம். செல் சிதைந்திருப்பதைக் கண்ணால் காண்பதற்குள்ள மதிப்பு அதனால் குறையவில்லை. அசைக்ளோவிர் கொடுத்தும் ஹெர்பிஸ் புண் ஆறாவிட்டால் மறுபடி மாதிரி எடுத்து, மருந்து எதிர்ப்புள்ள வைரஸா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் பாஸ்கார்னெட்டுக்கு மாற்றுவார்கள்.